வெள்ளைக் கிளையின் விதை

நர்சரியில் வெள்ளையும் பச்சையுமாக இலை விட்ட செடியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி வந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வராமல் போகாது. ஒரே வேர், ஒரே தண்ணீர், ஒரே வெயில். அப்படியிருக்க ஓர் இலை முழுப் பச்சை, அடுத்த இலை பாதி வெள்ளை, சில சமயம் ஒரு கிளையே முழு வெள்ளை. இது எப்படி? விதை எடுத்துப் போட்டுப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். ஒரே செடியின் விதைகளில் சில பச்சையாக முளைக்கின்றன. சில வெள்ளையாக முளைத்து, விதைக்குள் இருந்த உணவு தீர்ந்ததும் காய்ந்துவிடுகின்றன. தாய்ச்செடியைப் போலவே திட்டுத் திட்டாக வருபவை கொஞ்சம்.

முதலில், சம்பந்தமில்லாதவற்றைக் கழித்துவிடலாம். தழைச்சத்து குறைந்தால் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து குறைந்தால் துளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இவற்றுக்கு உரம் போட்டால் சரியாகிவிடும். வெண்டையில் வரும் மஞ்சள் தேமலில் நரம்புதான் முதலில் மஞ்சளாகும். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸின் வேலை. குரோட்டன்ஸ் இலையின் சிவப்புக்கு வேறு நிறமிகள் காரணம். நாம் பேசப்போவது இவை எதிலும் சேராத ஒரு வெள்ளை. அதன் ஓரம் கோடு கிழித்ததுபோல் துல்லியமாக இருக்கும். எந்த உரத்துக்கும் மசியாது. பக்கத்துச் செடிக்குத் தொற்றவும் தொற்றாது.

செடியால் செய்ய முடியாத ஒன்று

இலையின் உள்செல் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால் பச்சை நிறத் துணுக்குகள் நிறையத் தெரியும். ஒரு செல்லில் சுமார் நூறு இருக்கும். இவைதான் பசுங்கணிகங்கள். பச்சையம் இருப்பது இவற்றுக்குள்தான். வெயிலைப் பிடித்துச் சர்க்கரையாக்குவதும் இங்கேதான். துளிரின் நுனியில், செல்கள் இன்னும் பிறந்துகொண்டிருக்கும் இடத்தில், இதே துணுக்குகள் நிறமில்லாமல் சிறியதாக இருக்கும். அந்த இளநிலையையும் சேர்த்துப் பொதுவாகக் கணிகம் என்போம்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது: கணிகத்தைச் செடியால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. சுவர் வேண்டுமானால் செல் கட்டிக்கொள்ளும், புரதம் வேண்டுமானால் தயாரித்துக்கொள்ளும். ஆனால் ஒரு கணிகம் வேண்டுமென்றால், ஏற்கெனவே இருக்கும் ஒரு கணிகம் இரண்டாகப் பிரிய வேண்டும். காரணம் அதன் பூர்வீகம். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு தனித்து வாழ்ந்த நீலப்பச்சைப் பாக்டீரியா ஒன்றை வேறொரு செல் விழுங்கியது. செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. அதன் சந்ததிதான் இன்றைய பசுங்கணிகங்கள். பெரும்பாலான மரபணுக்களைக் காலப்போக்கில் செல்லின் உட்கருவிடம் ஒப்படைத்துவிட்டன. என்றாலும் முழுவதையும் விட்டுக்கொடுக்கவில்லை. சொந்தமாக ஒரு சிறிய டிஎன்ஏ வளையத்தை இன்றும் வைத்திருக்கின்றன.

ஆக, ஒவ்வோர் இலைச் செல்லுக்குள்ளும் நம் கதைக்கு வேண்டிய இரண்டு வம்சாவளிகள் ஓடுகின்றன. ஒன்று உட்கருவினுடையது, அப்பா பாதி அம்மா பாதி. மற்றது கணிகங்களுடையது. அதில் ஒரு கணிகத்தின் டிஎன்ஏவில் எழுத்துப்பிழை விழுந்து பச்சையம் நிற்கும் கட்டமைப்பே கெட்டுப்போனால் என்ன ஆகும்? அந்தக் கணிகத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெள்ளையாகவே இருக்கும். டிஎன்ஏவில் இப்படி விழுந்து சந்ததிக்கும் தொடரும் பிழையைத் திடீர்மாற்றம் என்கிறோம்.

கோரன்ஸின் அந்திமந்தாரை

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நாம் பேசுகிறோம். தெரியாத காலத்தில், இலையை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடித்த கதைதான் சுவையானது. கதாநாயகி, நம் கொல்லைப்புறங்களில் கவனிப்பாரின்றி வளரும் அந்திமந்தாரை. பிறந்தகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. நம்மூரில் விதை விழுந்த இடமெல்லாம் முளைக்கும்.

ஆராய்ந்தவர் கார்ல் கோரன்ஸ் என்ற ஜெர்மானியர். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட மரபு விதிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1900இல் அவற்றை மீண்டும் உலகின் முன் வைத்தவர்களில் ஒருவர் இவர். மெண்டலின் கடிதங்களைத் தேடிப் பதிப்பித்தவரும் இவரே. மெண்டல் விதியின் பெரிய வழக்கறிஞர்களில் ஒருவர். அந்த விதிக்குப் பணியாத ஒரு செடியை 1909இல் உலகத்துக்குக் காட்டியவரும் அவர்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தன் கட்சிக்கு எதிரான சாட்சியை ஒளித்து வைக்காத மனிதர்கள் எந்தத் துறையிலும் குறைவு.

அந்திமந்தாரையில் ஆய்வு செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு பூவுக்கு ஒரே ஒரு விதைதான். நூறு விதை வேண்டுமென்றால் நூறு பூக்களில், மொட்டு விரியும் முன்பே மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்து, வேண்டிய மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும்.

கோரன்ஸிடம் வெவ்வேறு விதமாக வெளுத்த அந்திமந்தாரைகள் இருந்தன. ஒன்று இலை முழுவதும் ஒரே சீராக வெளிர்மஞ்சள் கலந்த பச்சை. அதைச் சாதாரணப் பச்சைச் செடியோடு சேர்த்தபோது முதல் தலைமுறை பச்சை. அடுத்த தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்று வெளிர்நிறம் திரும்பியது. மெண்டல் சொன்னபடியே. அப்பா யார், அம்மா யார் என்று மாற்றிப் போட்டாலும் விடை மாறவில்லை.

இன்னொன்று திட்டு இலைச் செடி. அதில் மூன்று வகைக் கிளைகள்: முழுப் பச்சை, முழு வெள்ளை, இரண்டும் கலந்தது. மூன்றிலும் பூ பூத்தது. வெள்ளைக் கிளை தனக்கான சர்க்கரையைப் பச்சைக் கிளைகளிடமிருந்து வாங்கிப் பிழைத்துக்கொண்டிருந்தது. கோரன்ஸ் மூன்று கிளைகளின் மகரந்தத்தையும் மூன்று கிளைகளின் பூக்களுக்கும் மாற்றி மாற்றித் தடவினார். மொத்தம் ஒன்பது சேர்க்கைகள்.

பச்சைக் கிளையில் காய்த்த விதைகள் எல்லாமே பச்சைச் செடிகளாயின. வெள்ளைக் கிளையின் மகரந்தம் தடவியவையும் விதிவிலக்கல்ல. வெள்ளைக் கிளையில் காய்த்தவை எல்லாமே வெள்ளை நாற்றுகள். ஆரோக்கியமான பச்சைக் கிளையின் மகரந்தம் கிடைத்தும் அவை பிழைக்கவில்லை. கலப்புக் கிளையின் விதைகளில் பச்சை, வெள்ளை, திட்டு என்று மூன்றும் வந்தன. அதுவும் மூன்றுக்கு ஒன்று போன்ற ஒழுங்கான கணக்கில் இல்லை.

மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்பது ஒன்பதில் எந்தச் சேர்க்கையிலும் ஒரு பொருட்டாகவே இல்லை. விதை எந்தக் கிளையில் காய்த்தது என்பது மட்டுமே விடையைத் தீர்மானித்தது. ஒரே செடியின் இரு கிளைகள் இரண்டு வெவ்வேறு தாய்களாக நடந்துகொண்டன.

அப்பா என்ன கொண்டுவருகிறார்

விளக்கம் இன்று எளிது. சூலுக்குள் இருக்கும் முட்டை செல் பெரியது. அதற்குள் உட்கருவோடு சேர்த்துச் சத்துக்களும் கணிகங்களும் நிறைந்திருக்கும். மகரந்தத்திலிருந்து வந்து சேரும் ஆண் செல் மிகச் சிறியது. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் மகரந்தம் உருவாகும்போதே கணிகங்கள் அந்தச் செல்லுக்குள் போகாதபடி ஒதுக்கப்பட்டுவிடும். தப்பிப் போனவற்றின் டிஎன்ஏவும் சிதைக்கப்பட்டுவிடும். அப்பா உட்கருவில் பாதியைத் தருகிறார். கணிகம் என்று ஒன்றுகூடத் தருவதில்லை.

எனவே வெள்ளைக் கிளையின் முட்டை செல்லில் இருப்பவை பழுதான கணிகங்கள் மட்டும். நல்ல கணிகம் ஒன்றாவது இருந்தால்தானே அது பெருக முடியும்? அப்பாவின் உட்கரு எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் இல்லாத கணிகத்தை உண்டாக்க அதனால் ஆகாது. கலப்புக் கிளையின் முட்டை செல்களிலோ சிலவற்றில் நல்லவை மட்டும், சிலவற்றில் கெட்டவை மட்டும், சிலவற்றில் இரண்டும்.

எழுபது வழிகள்

சரி, இரண்டும் கலந்த ஒரு செல்லிலிருந்து தொடங்கும் செடியில் ஏன் எல்லா இலையும் வெளிர்பச்சையாக இருப்பதில்லை? நல்லதும் கெட்டதும் ஒவ்வொரு செல்லிலும் பாதிப் பாதியாகத் தொடர்ந்தால் அப்படித்தானே இருக்க வேண்டும்? கூரான ஓரமுள்ள திட்டுகள் எங்கிருந்து வருகின்றன?

செல் பிரியும்போது கணிகங்கள் தோராயமாகச் சம எண்ணிக்கையில் இரு பக்கமும் போகின்றன. எது எந்தப் பக்கம் என்று யாரும் பார்த்துப் பிரிப்பதில்லை. துளிர் நுனியின் செல்லில் பத்து முதல் இருபது கணிகங்கள் இருக்கும். கணக்கு எளிதாக இருக்க நாலு என்று வைத்துக்கொள்வோம்: இரண்டு நல்லவை, இரண்டு பழுதானவை. செல் பிரிவதற்கு முன் அவை இரட்டித்து எட்டாகும், நாலு நல்லவை, நாலு பழுதானவை.

ஒரு சுருக்குப் பையில் நாலு புளியங்கொட்டையும் நாலு சோழியும் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கையை விட்டுப் பார்க்காமல் நாலை எடுத்து ஒரு மகளுக்குக் கொடுக்க வேண்டும், மிச்சம் நாலு அடுத்த மகளுக்கு. எட்டிலிருந்து நாலை எடுக்க 70 வழிகள் உண்டு. அவற்றில் 36 வழிகளில் இருவருக்கும் இரண்டுக்கு இரண்டு கிடைக்கும். 32 வழிகளில் ஒருத்திக்கு மூன்று புளியங்கொட்டையும் ஒரு சோழியும், மற்றவளுக்கு நேர்மாறாக. மீதி 2 வழிகளில் ஒருத்திக்கு நாலும் புளியங்கொட்டை, மற்றவளுக்கு நாலும் சோழி. ஒரே பிரிவில் முழுசாகப் பிரிந்துபோக 35இல் ஒரு வாய்ப்பு.

குறைவுதான். ஆனால் மூன்றுக்கு ஒன்று கிடைத்த மகளைக் கவனியுங்கள். அவளுடையது இரட்டித்தால் ஆறு புளியங்கொட்டை, இரண்டு சோழி. மறுபடியும் 70 வழிகள். இந்த முறை அவற்றில் 30இல் அவளுடைய மகள்களில் ஒருத்திக்குப் புளியங்கொட்டை மட்டுமே சேரும். சாய்வு ஏற்பட்டுவிட்டால் முழுப் பிரிவு நெருங்கிவிடுகிறது.

இதில் திரும்பிவரும் பாதை இல்லை என்பதுதான் முக்கியம். நல்லவை மட்டும் கொண்ட செல்லின் சந்ததியில் கெட்டது தோன்றாது. கெட்டவை மட்டும் கொண்டதன் சந்ததியில் நல்லது தோன்றாது. எனவே பிரிவுக்கு மேல் பிரிவு நடக்க நடக்கக் கலப்புச் செல்கள் குறைந்துகொண்டே போகும். கணிகங்கள் நாலுக்குப் பதில் பத்து, இருபது என்றால் இது நடக்க அதிகத் தலைமுறைகள் பிடிக்கும், அவ்வளவுதான். திட்டின் ஓரம் ஏன் அத்தனை துல்லியம் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அங்கே சந்தித்துக்கொள்வது இரண்டு செல் குடும்பங்கள். ஒரு கொள்ளுப்பாட்டி செல் எப்போது வெள்ளையானாள் என்பதைத் திட்டின் அளவே சொல்லிவிடும்: துளிரிலேயே ஆகியிருந்தால் ஒரு கிளை, இலை பாதி வளர்ந்தபின் என்றால் ஒரு பொட்டு. சோளம் போன்ற புல்லினங்களில் இலைச் செல்கள் நீளவாக்கில் வரிசை கட்டிப் பிரிவதால் அங்கே திட்டுகள் வரவே வராது, நீளக் கோடுகள்தான்.

இன்னொரு கேள்வி எழலாம். பழுதான கணிகம் ஏன் போட்டியில் தோற்று அழிவதில்லை? போட்டி நடக்கும் இடம் துளிர் நுனி. அங்கே யாருமே இன்னும் பச்சையாக இல்லை, யாரும் வெயிலில் வேலை செய்யவும் இல்லை. கணிகம் இரண்டாகப் பிரியத் தேவையான புரதங்களை உட்கருதான் அனுப்புகிறது. எனவே பழுதானதும் நல்லதைப் போலவே பிரிந்துகொண்டிருக்கும். குட்டு வெளிப்படுவது இலை விரிந்த பிறகுதான்.

ஸ்நேக் பிளான்ட்டின் மஞ்சள் விளிம்பு

இந்தச் செல் குடும்பக் கணக்கு தெரிந்தால் தொட்டிச் செடி வளர்ப்பவர்களின் ஒரு பழைய ஏமாற்றம் விளங்கும். ஸ்நேக் பிளான்ட்டில் விளிம்பு மஞ்சளாக இருக்கும் ரகம் ஒன்று உண்டு. இலையைத் துண்டாக வெட்டி மண்ணில் ஊன்றினால் வேர் விடும், புதுக் குருத்தும் வரும். ஆனால் மஞ்சள் விளிம்பு வராது. வருவது சாதாரணப் பச்சைச் செடி.

அந்தச் செடி இரண்டு விதச் செல் குடும்பங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து வாழும் ஒரு கூட்டுக் குடித்தனம். குருத்தின் நுனியில் இரண்டு அடுக்கும் தங்கள் இடத்தைவிட்டு நகராமல் பிரிவதால் இலைக்கு இலை அதே விளிம்பு கிடைக்கிறது. வெட்டிய இலைத் துண்டில் புதுக் குருத்து கிளம்புவது உள்ளே இருக்கும் பச்சை அடுக்கிலிருந்து. மற்ற அடுக்கு அதில் சேர்வதேயில்லை. விளிம்பு வேண்டுமானால் கிழங்கோடு பக்கக் கன்றைப் பிரித்து வைக்க வேண்டும். அதன் நுனியில் இரண்டு அடுக்கும் அப்படியே இருக்கும்.

உட்கரு தொடங்கி வைத்த பழுது

வெள்ளைத் திட்டு என்றாலே கணிகத்தின் டிஎன்ஏதான் காரணம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. பசுங்கணிகத்துக்குத் தேவையான ஆயிரக்கணக்கான புரதங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு உட்கருவில்தான் மரபணு இருக்கிறது. அங்கே பிழை விழுந்தாலும் இலை வெளுக்கும். கோரன்ஸின் வெளிர்மஞ்சள் செடி அந்த வகைதான்.

இரண்டும் கைகோத்த ஒரு விசித்திரத்தை அமெரிக்க மரபியலாளர் மார்கஸ் ரோட்ஸ் 1943இல் மக்காச்சோளத்தில் காட்டினார். ஐயோஜாப் என்ற உட்கரு மரபணுவின் இரு பிரதியும் கெட்டிருந்தால் இலையில் வெள்ளைக் கோடுகள் வரும். அதுவரை மெண்டல் கணக்கு. ஆனால் அந்தக் கோடு போட்ட செடியைத் தாயாக வைத்து, ஆரோக்கியமான மகரந்தம் தடவி, பிள்ளைக்கு ஒரு நல்ல மரபணுப் பிரதியைக் கொடுத்துவிட்டாலும் வெள்ளை நாற்றுகளும் கோடு போட்ட நாற்றுகளும் வந்தன. கெட்ட மரபணு ஒருமுறை கணிகத்தைப் பழுதாக்கிவிட்டால் போதும். பிறகு அந்த மரபணு இல்லாத வீட்டிலும் பழுது தாய்வழியே தொடர்கிறது.

இரண்டு கட்டுரைகள், ஒரே இதழ்

1909இல் கோரன்ஸ் தன் அந்திமந்தாரை முடிவுகளை வெளியிட்ட இதழை நடத்தியவர் எர்வின் பவுர். அதே இதழில், அதற்கு அடுத்த கட்டுரை பவுருடையது. ஊட்டி, கொடைக்கானல் தொட்டிகளில் பூக்கும் ஜெரேனியம்தான் அவர் எடுத்துக்கொண்ட செடி.

கோரன்ஸ், செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசம் என்னும் கூழே நோயுற்றிருக்கிறது, கணிகங்கள் அதனால் வெளுக்கின்றன என்று கருதினார். பவுர், கணிகங்களே தமக்கென்று மரபுப் பண்பு உடையவை, அவைதான் செல்லுக்குச் செல் பிரிந்துபோகின்றன என்றார். சரியாகச் சொன்னவர் பவுர். ஜெரேனியம் அவருக்குக் கைகொடுத்தது: அதில் வெள்ளையை அப்பாவிடமிருந்து வாங்கினாலும் அம்மாவிடமிருந்து வாங்கினாலும் திட்டு நாற்றுகள் பிறந்தன. அப்பாவின் கணிகங்களும் அந்தச் செடியில் விதைக்குள் போகின்றன. இலைகள் விஷயத்தில் இவ்வளவு தெளிவாகப் பார்த்த பவுர், 1921இல் மனித மரபைப் பற்றிய ஒரு நூலின் மூன்று ஆசிரியர்களில் ஒருவரானார். நாஜிகளின் இனவாதத்துக்கு அறிவியல் முலாம் பூச உதவிய நூல் அது. கோரன்ஸ், பவுர் இருவரும் 1933இல் காலமானார்கள்.

யார் சொன்னது சரி என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் சான்று கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது. 1962இல் ஹான்ஸ் ரிஸ், வால்டர் பிளாட் இருவரும் கிளாமிடோமோனஸ் என்ற பாசியின் பசுங்கணிகத்துக்குள் டிஎன்ஏ இழைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். 1986இல் ஜப்பானியக் குழுக்கள் புகையிலையிலும் மார்கான்ஷியா என்ற ஈரற்செடியிலும் அந்த டிஎன்ஏவை முழுவதுமாகப் படித்து முடித்தன. புகையிலையுடையது சுமார் 1,56,000 எழுத்துகள், மரபணுக்கள் நூற்றுச் சொச்சம்.

தந்தைவழிக் கசிவு

ஜெரேனியம் தனி ஆள் இல்லை. பைன் போன்ற கூம்பு மரங்களில் பெரும்பாலும் கதை தலைகீழ்: கணிகங்கள் மகரந்தம் வழியே, அப்பாவிடமிருந்தே வருகின்றன. கோரன்ஸ் அந்திமந்தாரைக்குப் பதில் ஒரு பைன் மரத்தை எடுத்திருந்தால் பாடநூல்களில் நேர் எதிரான விதி ஏறியிருக்கும், அதற்கு அவர் ஆயுள் போதியிருந்தால்.

தாய்வழி மட்டுமே என்று நம்பப்பட்ட செடிகளிலும் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. புகையிலையில் மகரந்தம் உருவாகும் நாட்களில் செடியைக் குளிரில் வைத்தால் அப்பாவின் கணிகங்கள் விதைக்குள் நுழைவது வெகுவாகக் கூடுகிறது என்று ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டார்கள். வேற்று மரபணுவை உட்கருவில் வைக்காமல் பசுங்கணிகத்தில் வைத்தால் அது மகரந்தத்தோடு பறந்து பக்கத்து வயலில் சேராது என்பது பயிர் மாற்றம் செய்பவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் பாதுகாப்பு. அந்தப் பயிர்களை இனிக் குளிரிலும் பூக்கவிட்டுச் சோதிக்க வேண்டும்.